மூக்கைத் தூக்கிய காரும் பின் சீட்டுப் பெரியவரும்

செத்துப்போன மனிதர் ஒருவர் என் காரின் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னோடு ஊரெல்லாம் சுற்றுகிறார் என்று ஒரு காலத்தில் மனதார நம்பினேன். சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். நாலு ஊருக்குப் பட்டுச் சேலை கொண்டுபோய் விற்கிறவன், கல்யாணமான பெண்ணுக்குத் தகப்பன், தினசரிப் பத்திரிகையை விளம்பரம் உள்பட வாசிக்கிறவன். இத்தனை தகுதிகள் இருந்தும் நம்பினேன்.

அறுபதுகள் முடியப்போகிற சமயம் அது. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. முன்கூடத்தில் தம்பியின் தறி, உள்கட்டில் நானும் என் மனைவியும். ஒரே மகளை வாலாஜாபாத்தில் கொடுத்திருந்தோம். முதல் தடவை அவளுக்குக் கரு தங்கவில்லை. பஸ்ஸில் நெரிசலில் நின்றுகொண்டே வந்த மறுநாள் அது நடந்தது. பஸ்தான் காரணமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு என் மனைவி எந்த பஸ்ஸைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டாவது தடவை மகள் உண்டானபோது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: குலுங்கக் கூடாது, நெரிசலில் போகக் கூடாது. வளைகாப்பு முடிந்து அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டும். எப்படி அழைத்து வருவது?

அப்போதுதான் சம்பந்தி சொல்லி அனுப்பினார். அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அரிசி மில். அதன் முதலாளி காலமாகிவிட்டார். அவர் வைத்திருந்த பழைய கறுப்புக் காரை அந்த வீட்டம்மா கொடுத்துவிடப் பார்க்கிறார். நான் அந்த முதலாளியை உயிரோடு பார்த்ததே இல்லை. கார் ஓட்ட மட்டும் ஒரு சிநேகிதர் புண்ணியத்தில் பழகியிருந்தேன். போனேன், வாங்கினேன், ஓட்டிக்கொண்டு வந்தேன்.

வரும் வழியிலேயே அதன் குணம் தெரிந்தது. எனக்கு முன்னால் அந்த பானட், குளத்தில் கிடக்கும் எருமை மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொள்ளுமே, அப்படித் தூக்கிக்கொண்டிருந்தது. சாலையைவிட எனக்கு வானம் நன்றாகத் தெரிந்தது. கொக்குகள் எங்கே போகின்றன, எந்த மேகம் எந்த மேகத்தோடு சேர்கிறது, எல்லாம் தெரிந்தது. எதிரே வருகிற சைக்கிள் மட்டும் தெரியவில்லை. கம்பீரமான வண்டி என்று நினைத்துக்கொண்டேன். புதிதாகக் கார் வாங்கினவனுக்கு எல்லாமே கம்பீரம்தான்.

தெருவில் கொண்டுவந்து நிறுத்தியதும் எதிர்வீட்டுக்காரர், நாக்கில் சனி குடியிருக்கிறவர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சுற்றிப் பார்த்தார்.

"இன்னாபா, உன் வண்டி கோபுரத்தைப் பாத்துக்கினே நிக்குது? கன்னத்துல போட்டுக்குமா?"

"பக்தியுள்ள வண்டி" என்றேன்.

அவர் கிண்டலாகச் சொன்னது அன்று சாயங்காலமே நிஜமாயிற்று. பெரிய கோயில் தெருவில் வந்துகொண்டிருந்தேன். இருட்டத் தொடங்கும் நேரம். விளக்கைப் போட்டேன். தெரு இருட்டாகவே இருந்தது. வெளிச்சம் எங்கே என்று தேடினால் கோபுரத்தின் மேல் நிலையில் போய் விழுந்திருக்கிறது. சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி இருளுக்குள் போயின. பூதங்கள், கிளிகள், கையைத் தூக்கி நிற்கும் தேவதைகள். தூங்கப்போன புறாக்கள் கலைந்து பறந்து, வெளிச்சத்துக்குள் வந்து பொன்னாக மாறி, வெளியே போய்ச் சாம்பலாயின. தெருவில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே மிதந்து போனேன். எழுந்துவிடப் பிடிக்காத கனவுபோல் இருந்தது. சுண்டல் வண்டிக்காரர் ஒருவர் போட்ட கூச்சலில்தான் விழித்தேன். அவர் என் குடும்பத்தைப் பற்றிச் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது.

அடுத்த வாரம் மனைவியை முன் சீட்டில் உட்காரவைத்து மகளைப் பார்க்க வாலாஜாபாத் புறப்பட்டேன். சற்று வேகம் பிடித்ததும் ஸ்டீயரிங் கையில் கனமே இல்லாமல் ஆகிவிட்டது. வெறும் தாம்பாளத்தைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி. திருப்பினால் வண்டி உடனே திரும்பாது. கொஞ்சம் யோசிக்கும். பிறகு, சரி, இவ்வளவு தூரம் கேட்கிறானே என்று திரும்பும். ஒரு வளைவில் எதிரே வைக்கோல் வண்டி வந்தது. நான் திருப்பினேன். கார் யோசித்தது. மாடுகளின் பெரிய ஈரக் கண்கள் இரண்டு சோடி என்னை நோக்கி மெதுவாக, மிக மெதுவாக வளர்ந்தன. அந்தக் கண்களின் அழகை அப்போது நான் கவனித்தேன் என்றால் நம்ப மாட்டீர்கள். கடைசி நொடியில் கார் மனம் மாறியது. வைக்கோல் மட்டும் என் பக்கத்து ஜன்னல் வழியாக உள்ளே பறந்து வந்து மனைவியின் கொண்டையில் செருகிக்கொண்டது.

அவள் மகளைப் பார்த்து, சிரித்துப் பேசி, வீடு திரும்பி, வாசல்படி ஏறி, கொண்டையிலிருந்து கடைசி வைக்கோலை எடுத்துப் போட்ட பிறகு சொன்னாள்:

"என் பொண்ணு இந்த வண்டியில ஏற மாட்டா."

அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பெரிய ஞானம் பிறந்தது. காரைத் துடைக்கப் போனேன். பின் கதவைத் திறந்ததும் ஒரு வாசனை. தவிட்டு வாசனை, அதற்கு நடுவே மூக்குப்பொடி வாசனை. பின் சீட்டைப் பார்த்தேன். ஒரு பக்கம் குழிந்திருந்தது. என் மூளை தர்க்கம் பேச ஆரம்பித்தது. கனமான ஆள் ஒருவர் பின்னால் உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கும். முன்பக்கம் தூக்கியிருக்கிறது. ஆகவே கனமான ஆள் ஒருவர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அரிசி மில் முதலாளி என்றால் தொந்தியும் தொப்பையுமாகத்தான் இருப்பார் என்பது என் முடிவு. இறந்தவருக்கு வண்டியை விட்டு இறங்க மனம் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

சிரிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் பயம் வந்தவனுக்கு மரியாதை தானாக வரும். மறுநாளிலிருந்து உள்ளே இருக்கும் கண்ணாடியை மேலே திருப்பி வைத்தேன், அதில் அவர் தெரிந்துவிடக் கூடாதே என்று. பள்ளம் வந்தால் "கொஞ்சம் கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்று மெதுவாகச் சொல்வேன். மூக்குப்பொடி டப்பா ஒன்று வாங்கிப் பின் சீட்டில் வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் பின் கதவைத் திறந்து, அவர் இறங்குவதற்கு வேண்டிய நேரம் காத்திருந்து, பிறகு சாத்துவேன். அவர் இறங்கவே இல்லை. மூக்கு தூக்கினபடியே இருந்தது.

ஒரு நாள் மனைவி பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க, பின் கதவைத் தொறந்துட்டு நிக்கறீங்க? யாரு எறங்கணும்?"

"காத்து வரட்டும்னு."

"காத்துக்குக் குனிஞ்சி வணக்கம் வைப்பாங்களா?"

மூடி மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரித்தாள், சிரித்தாள், சிரிக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு சிரிப்பே இல்லாத குரலில் பேசினாள்.

"பேய் இருந்தா இருந்துட்டுப் போவுது. அரிசி குத்தி நாலு பேருக்குச் சோறு போட்ட மனுசன், நம்ம பொண்ணுக்குக் கெடுதலா பண்ணப்போறாரு? எனக்குப் பயம் அந்த ஸ்டேரிங்குதாங்க. மாடு கண்ணு முன்னாடி வந்துச்சே, அதுக்குத்தான் பயம். புதன்கிழமை அவளைக் கூட்டியாரணும். அதுக்குள்ள இந்த மூக்கை எறக்குங்க. இல்லன்னா நாலு ஆளைப் புடிச்சி டோலி கட்டியாவது தூக்கியாருவேன். இதுல ஏத்த மாட்டேன்."

அவளுக்கு ஸ்டீயரிங், எனக்கு ஆவி. பயம் வேறு வேறாக இருந்தாலும் ஒரு விஷயத்தில் ஒன்றாக இருந்தோம். முன்பக்கம் இறங்க வேண்டும். எங்கள் குழந்தை பத்திரமாக வந்து சேர வேண்டும்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருந்தார். இளைஞர், சுறுசுறுப்பானவர், கையில் எப்போதும் ஏதாவது ஒரு ஆயுதம். ஆவி சமாசாரத்தைச் சொல்லாமல், "முன்பக்கம் எறக்கணும்பா" என்று மட்டும் சொன்னேன். பானட்டைத் தட்டிப் பார்த்தார். குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார்.

"சிம்பிள் சார். முன் ஸ்பிரிங்குல ஒரு சுத்து அறுத்துட்டா தானா எறங்கிடும்."

"அறுத்தப்புறம் ரொம்ப எறங்கிடுச்சின்னா?"

"ரப்பர் வச்சி ஏத்திடலாம்."

"ரப்பர் வச்சி ரொம்ப ஏறிடுச்சின்னா?"

"இன்னொரு சுத்து அறுத்துடலாம் சார்."

கத்தரிக்காய்க்குக் காம்பு நறுக்குவதுபோல் அவர் சொன்ன அழகு என்னைக் கலக்கிவிட்டது. "யோசிச்சிட்டு வரேன்" என்று வண்டியைக் கிளப்பினேன். பின் சீட்டுக்காரரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டதாகத் தோன்றியது.

தறிக்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு ஒரு வைத்தியம் ரத்தத்திலேயே ஊறியிருக்கும். நீளவாட்டு நூலான பாவு தொய்ந்தால் பாரம் கட்டு. ஒரு பக்கம் தூக்கினால் அந்தப் பக்கத்தில் பாரம் கட்டு. எங்கள் தெருவில் எந்தத் தறியைப் பார்த்தாலும் எங்காவது ஒரு கல்லோ மணல் பையோ கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே தம்பியிடம் கேட்டு, தறிக்குப் பாரமாகக் கிடந்த பழைய கருங்கல் ஒன்றை முன் சீட்டில் எனக்குப் பக்கத்தில் ஏற்றினேன். சீட் கிழியாமல் இருக்க அதற்கு ஒரு பழைய வேட்டியைச் சுற்றினேன். அங்கேதான் தப்பு செய்தேன். காஞ்சிபுரத்தில் ஒரு கருங்கல்லுக்கு வேட்டி கட்டி உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்க வேண்டும்.

கோயில் தெருவில் போகும்போது எதிரே வந்த பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். எனக்குத்தான் கும்பிடுகிறார் என்று நானும் கும்பிட்டேன். கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய் வருவதற்குள் பூக்கார அம்மா ஒருத்தி ஜன்னல் வழியாக ஒரு முழம் கதம்பத்தைச் சாத்திவிட்டிருந்தாள். யாரோ குங்குமமும் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது என் மனைவி உள்ளே எட்டிப் பார்த்தாள். முன்னால் பூவும் பொட்டுமாகக் கல், பின்னால் மூக்குப்பொடி டப்பா.

"பின்னாடி பேய், முன்னாடி சாமி. நடுவுல நீங்க எதுக்குங்க?"

கேள்வி நியாயமானது. கல்லாலும் பிரயோசனமில்லை. மூக்கு ஒரு விரற்கடை இறங்கியதோ என்னவோ, பிரேக் போட்டபோதெல்லாம் சாமி உருண்டு என் முழங்காலில் வந்து மோதியது.

செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. மறுநாள் மகளை அழைத்து வரவேண்டும். வேறு வழியில்லாமல் காலையில் போய் மெக்கானிக்கிடம், "சரிப்பா, சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வா, அறுத்துடலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னதிலிருந்து அவருடைய ரம்பம்தான் கண்ணில் நின்றது. அறுத்த ஸ்பிரிங் பாதி வழியில் என்ன செய்யும்? அதன் மேல் என் மகள், அவளுக்குள் இன்னொன்று. இலையைப் பாதியில் மடித்துவிட்டு எழுந்தேன்.

தம்பி சாயப்பட்டறைக்குப் போயிருந்தான். முன்கூடத்தில் தறி சும்மா இருந்தது. எனக்கு மனம் சரியில்லை என்றால் கால் எங்கே போகும் என்பது காலுக்கே தெரியும். போய்த் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். குழி குளிர்ந்திருந்தது. மிதிபலகை பாதத்துக்குப் பழைய நண்பனைப்போல் வழவழவென்று இருந்தது. எனக்கு முன்னால் பாவு நீண்டு கிடந்தது, மாம்பழ மஞ்சள். கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டிலிருந்து மத்தியான வெயில் ஒரு தூணாக இறங்கி அந்த இழைகளின் மேல் சாய்ந்திருந்தது. தெருவில் எங்கோ ஒரு தறி தட்டிக்கொண்டிருந்தது. அதற்குச் சற்றுப் பின்னால் இன்னொன்று. இரண்டும் ஏதோ பேசிக்கொள்வதுபோல்.

கண் செருகியது. மஞ்சள் இழைகள் ஒரு சாலையாயின. அதன் மேல் என் கறுப்புக் கார் சத்தமில்லாமல் வந்தது. சக்கரங்கள் இழையில் படவே இல்லை. பின் சீட்டில் என் மகள் சின்னப் பெண்ணாக, ரெட்டைச் சடையோடு, ஜன்னலில் கையை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெரிய தொந்தியோடு ஒருவர். அவர் முகம் தெரியவில்லை. அவள் அவரிடம் ஏதோ கேட்டாள், அவர் தலையசைத்தார். எனக்குப் பயமாக இல்லை. இதிலென்ன, ஒரு துணைதானே என்று தோன்றியது.

என் முழங்கை பட்டு நூல் சுற்றிய குழல் ஒன்று குழிக்குள் விழுந்தது. கனவு அறுந்தது. பட்டு நூல் அழுக்காகிவிட்டால் தம்பி என்னை உயிரோடு விடமாட்டான். அலறியடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கித் துழாவினேன். எடுத்துக்கொண்டு மண்டியிட்டபடியே நிமிர்ந்தபோது என் தாடை கூடத்துத் தரைக்குச் சமமாக இருந்தது. ஒன்று சொல்ல வேண்டும். வருடா வருடம் கல்லையும் மண்ணையும் கொட்டிக்கொட்டி எங்கள் தெரு உயர்ந்துவிட்டது. வீட்டுத் தரை தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. ஆகவே குழியில் மண்டியிட்டிருந்த என் கண்ணுக்குத் தெருவே கூரை மாதிரி. திறந்த வாசல் வழியாகக் காரின் வயிறு எனக்கு முழுதாகத் தெரிந்தது.

இத்தனை நாளும் நின்றுகொண்டே பார்த்திருந்தேன். நின்று பார்த்தால் மூக்குதான் தெரியும். கீழேயிருந்து பார்த்தபோது மூக்கு தெரியவில்லை. முன்சக்கரம் தன் இடத்தில் ஒழுங்காக நின்றது. பின்சக்கரம்தான் உடம்புக்குள் பாதி புதைந்திருந்தது. அதன் பக்கத்தில் இரும்புப் பட்டைகள். சின்ன வயதில் ஜட்கா வண்டிக்கு அடியில் படுத்து விளையாடியவன் நான். பட்டை எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். தொட்டில்போல் நடுவில் தாழ்ந்து இரு நுனியும் மேலே வளைந்திருக்க வேண்டும். இங்கே அது நேராகப் படுத்து, போதாக்குறைக்கு நடுவில் கொஞ்சம் முதுகைத் தூக்கிக்கொண்டிருந்தது.

குழியிலிருந்து எப்படி ஏறினேன் என்று தெரியாது. செருப்பில்லாமல் ஓடிப்போய் நடுத்தெருவில் மல்லாந்து படுத்து காருக்கு அடியில் தலையை நுழைத்தேன். சாயப்பட்டறையிலிருந்து திரும்பிய தம்பிக்கு என் கால்கள் மட்டும்தான் தெரிந்திருக்கின்றன.

"ஐயோ, அண்ணா! வண்டி ஏறிடுச்சா?"

"ஏறலடா! எறங்கியிருக்குது! முன்னாடி ஏறவே இல்லடா, பின்னாடிதான் எறங்கியிருக்குது!"

எதிர்வீட்டுக்காரர் தன் வாசலிலிருந்து சொன்னது காதில் விழுந்தது: "வெயில் தலைக்கு ஏறிடுச்சி. மோரு குடுங்கம்மா."

ரம்பத்தோடு மெக்கானிக் வந்து சேர்ந்தார். அவரையும் இழுத்துப் பக்கத்தில் படுக்கவைத்தேன். இருவரும் தெருப் புழுதியில் அண்ணாந்து கிடந்தபடி பேசினோம்.

"ஆமா சார். பின் பட்டை ரெண்டும் செத்துப்போச்சி."

"இதை அன்னிக்கே சொல்லக் கூடாதாபா?"

"நீங்க முன்பக்கத்தை எறக்குன்னீங்க. எறக்கச் சொன்னதை எறக்கறதுதான் சார் நம்ம வேலை."

தப்பு அவருடையது இல்லை. நோயாளியே நோயைச் சொல்லி மருந்தையும் சொல்லிவிட்டால் வைத்தியர் என்ன செய்வார்?

ரம்பம் பைக்குள் போயிற்று. இரண்டு பட்டைகளையும் கழற்றி, லாரிக்குப் பட்டை அடிக்கிற பட்டறைக்கு எடுத்துப் போனோம். உலையில் அந்த இரும்புத் தகடுகள் செவ்வரளிப் பூவைப்போல் சிவந்து, அடிக்கு அடி மெதுவாக வளைந்து கொடுத்தன. புதிதாக ஒரு தகடும் சேர்த்தார்கள். இருட்டுவதற்குள் மாட்டி முடித்தாயிற்று. ஜாக்கியை இறக்கினார் மெக்கானிக். பின்பக்கம் இறங்கி வந்து, ஒரு இடத்தில் போதும் என்று நின்றது. நான் முன்பக்கம் போய்ப் பார்த்தேன். மூக்கைக் காணோம்! நல்ல பிள்ளையாய்த் தலையைத் தாழ்த்தித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு ஆணியைக்கூட யாரும் தொடவில்லை.

கல்லை இறக்கித் தறிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, மனைவியை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போனேன். ஸ்டீயரிங்குக்குக் கனம் வந்திருந்தது. திருப்பினால் திரும்பியது, யோசிக்கவில்லை. விளக்கைப் போட்டேன். அந்தத் தெருவை அன்றுதான் வெளிச்சத்தில் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கல், பள்ளம், நடுவில் சுருண்டு படுத்திருந்த ஒரு நாய், அது எங்களைப் பார்த்து விட்ட கொட்டாவி. கோபுரத்துத் தேவதைகள் இருட்டில் நிம்மதியாக இருந்தார்கள்.

"நாளைக்குப் போலாங்க" என்றாள் மனைவி. அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் பட்ட பாடு!

நியாயமாக இங்கே என் பயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. படுத்த பிறகு மூளை மறுபடி தர்க்கம் பேச ஆரம்பித்தது. பட்டை செத்தது சரி, அதை யார் சாகடித்தது? இரும்பையே நசுக்கினவர் எப்படிப்பட்ட ஆகிருதியாக இருக்க வேண்டும்? புதுப் பட்டை போட்டால் மட்டும் இறங்கிப் போய்விடுவாரா? நாளைக்கு என் பெண் அவருக்குப் பக்கத்தில் அல்லவா உட்காரப்போகிறாள்?

புதன்கிழமை காலை வாலாஜாபாத்துக்குள் நுழைந்ததும், சம்பந்தி வீட்டுக்குப் போகாமல் மில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையைப் பொருட்படுத்தாமல் இறங்கினேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. தவிட்டுத் தூசி வெயிலில் பொன் பனியாக எங்கும் தொங்கியது. அதற்குள்ளிருந்து அந்த வீட்டம்மா முறத்தைக் கையில் பிடித்தபடி வந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க தம்பி. வண்டி நல்லா ஓடுதா?"

"ஓடுதுங்கம்மா. ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது." முறத்தைப் பார்த்தபடி கேட்டேன். "ஐயா... வண்டியில ரொம்பப் பிரியமா இருந்தாருங்களா?"

"உசுரு."

பின் சீட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். "பின் சீட்டுலதான் எப்பவும் உக்காருவாருங்களா?"

"யாரு, அவுரா? பின்னாடியா? பின்னாடி உக்காந்தா அவுருக்கு வாந்தி வரும் தம்பி. எப்பவும் டிரைவரு பக்கத்துலதான். அதுவும் அவுரு உக்காந்தா சீட்டுக்கே தெரியாது. காத்தடிச்சா கம்பத்தைப் புடிச்சிக்கிற ஒடம்பு."

"அப்போ பின்னாடி?"

"மூட்டை! அரிசி மூட்டை. பின் சீட்டைக் கழட்டி வச்சிட்டு மூட்டையா அடுக்கிக்கினு போவாரு. மாட்டு வண்டியில ஏத்தினா மாட்டுக்கு வலிக்கும்பாரு. மாட்டு மேல அம்புட்டு எரக்கம். காருக்கு வலிக்கறதைப் பத்தி அவுருக்கு ரோசனையே இல்ல." சிரித்துக்கொண்டே சொன்னவர் சட்டென்று நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தார். "ஏன் தம்பி, எதுக்குக் கேக்கறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் காருக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்லீங்கம்மா. ஐயாவுக்குன்னு பின் சீட்டுல மூக்குப்பொடி வாங்கி வச்சிருக்காரு."

அந்த அம்மா பின் ஜன்னலில் எட்டி டப்பாவைப் பார்த்தார். பிறகு புரிந்துவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. "அவுரு போனப்புறம் நான் சிரிச்சது இன்னிக்குத்தாம்பா" என்றார். "பொடி போடறவன் எங்க டிரைவரு, சும்மா இருக்கறப்போ பின் சீட்டு மூலையிலதான் சாஞ்சி தூங்குவான். அவுரு கையால தொட மாட்டாரு. அந்த டப்பாவைக் குடுத்துட்டுப் போங்க, அவனுக்காவது ஆவட்டும்."

கொடுத்துவிட்டு வந்தேன். சம்பந்தி வீடு வரும்வரை என் மனைவி ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். அவள் தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் பயப்படுவதை நான் விட்டுவிடவில்லை. பிறவிக் குணம், போகாது. பயம் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தையும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் இப்போதெல்லாம் பயப்படுகிறேன். பாதிக்குப் பாதி பயம் அப்போதே மிச்சம்.

அன்றைக்கு நடந்தது இதுதான். சம்பந்தி வீட்டில் மகளை ஏற்றிக்கொண்டோம். அவள் அம்மா மடியில் தலைவைத்து, பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்தாள். காஞ்சிபுரம் வந்து சேரும்வரை நன்றாகத் தூங்கினாள்.